நிறுத்தி வைத்த மருந்து

என் தம்பியிடம் பொய் சொல்லி, அவன் சாப்பிடக் கூடாத மாத்திரையை என் கையாலேயே எட்டு நாள் கொடுத்தேன். அதனால் வந்த கேட்டுக்கு ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கி மனுவும் எழுதினேன். இரண்டையும் செய்தபோது எனக்கு வயது அறுபத்தெட்டு. விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வயதில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம், தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. மருத்துவமனையின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். என்னைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. வரலாறு படித்தவன். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். அதியமான்கோட்டையில் வீடு. தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிறான்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் மார்க்கெட்டில் தக்காளி இறக்கும்போது, டிராக்டர் டிரெய்லரின் பின்கதவு கழன்று அவன் இடது கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சேலத்தில் பிளேட் வைத்தார்கள். காயம் ஆறியது, நடந்தான், காட்டுக்கும் போனான். எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கண் திறந்து சீழ் வந்தது. பாலக்கோட்டில் மாத்திரை கொடுத்தார்கள், மூடிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி திறந்தது. தருமபுரியில் இரண்டு கிளினிக் பார்த்தோம். மாத்திரையின் பெயர்தான் மாறியது. சீழ் மாறவில்லை. புரையோடுவது என்ற சொல்லை நான் லஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது நூறு முறை சொல்லியிருப்பேன். ஒரு காலில் அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன்.

கடைசியாக வந்து சேர்ந்த இந்த மருத்துவமனையில் எலும்பு டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். மற்ற இடத்தைவிட அது வெளுப்பாக இருந்தது. அது செத்த எலும்பு, அதற்குள் ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது, கிருமி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்றார். வெளியே வரும் சீழைப் பரிசோதித்தால் தோலில் இருக்கும் கிருமிதான் தெரியும். உள்ளே போய் எலும்பையே துண்டு துண்டாக எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று தெரிந்துகொண்டு ஆறு வாரம் அடித்தால்தான் தீரும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் ரெண்டு வாரம் எல்லா மருந்தையும் நிறுத்தி வைப்போம். காய்ச்சல் வந்தா மட்டும் உடனே வந்துடுங்க."

நிறுத்தி வைப்போம். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். யார் எதை எதிர்பார்க்கிறார் என்றுதான் கேட்பார்கள். நான் கை நீட்டி வாங்கியவன் இல்லை. ஆனால் வாங்கியவர்களுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே என் காலம் ஓடியது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த பழைய ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

தம்பியை வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் நின்றேன்.

"வேற ஏதாவது செய்யணுமா டாக்டர்? வாய்விட்டுச் சொன்னீங்கன்னா செஞ்சுடலாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ணும் செய்யாம இருங்க. அது போதும்."

தெளிவான பதில்தான். நான் அதையும் நம்பவில்லை. நோயை முற்ற விட்டுப் பெரிய ஆபரேஷனாகச் செய்யப் பார்க்கிறார்கள் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மருத்துவமனைக்குக் கிட்டே என்பதால் அந்த இரண்டு வாரமும் தம்பியை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வலி கூடியது. கட்டியிருந்த துணி ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும். காய்ச்சல் இல்லை. ஆனால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. கடைசி கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டைகள் இரண்டு பீரோவில் இருந்தன. ஆறாம் நாள் காலையில் ஒன்றைப் பிய்த்து அவனிடம் நீட்டினேன்.

"என்னாங்ணா இது? ஒரு மருந்தும் வேணாம்னாரே?"

"இது மருந்தில்லடா, சத்து மாத்திரை. எலும்பு ஊறுறதுக்கு."

"சத்து மாத்திரை இம்மாம் பெருசா இருக்குது? மாட்டு ஆஸ்பத்திரில வாங்கினீங்களா?" என்று சிரித்துக்கொண்டே விழுங்கினான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். நான் நீட்டினால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்டதே இல்லை.

காலையும் மாலையும் எட்டு நாள். நான்காம் நாளிலேயே சீழ் குறைந்து வலி தணிந்தது. எனக்கு உள்ளுக்குள் கர்வம். டாக்டரின் திட்டத்தைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் கேட்டார், இடையில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று. தம்பி வெள்ளந்தியாக, "சத்து மாத்திரை மட்டுந்தானுங்க" என்றான். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கால்சியம்" என்றேன். ஒரே ஒரு சொல். குரல்கூட நடுங்கவில்லை.

என்னிடம் ஒரு சின்ன நோட்டு உண்டு. வேலையில் இருந்த காலத்துப் பழக்கம். யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்வேன். மருத்துவமனையிலும் அது என் சட்டைப் பையில் இருந்தது. தியேட்டர் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லேபிலிருந்து ஒரு பெண் வந்து, எலும்புத் துண்டுகள் இருந்த ஐந்து சின்ன பாட்டில்களை ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டு போனார். முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்தில் இருந்த ஆயாம்மா பெருமையாகச் சொன்னார்: "சித்தேரி மலைப் பொண்ணுங்க சார். மலையிலிருந்து எறங்கி வந்து படிச்சு, இந்த வேலைக்கு வந்திருக்குது." பெருமையாகச் சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. எழுதினேன்: '10.40. லேப் பெண். கையுறை இல்லை. பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு போன் பேசினார். இரண்டு நிமிடம்.'

செத்த எலும்பையும் பழைய பிளேட்டையும் எடுத்துவிட்டார்கள். முடிவு வரும்வரை பொதுவாக இரண்டு மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏழாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஐந்து பாட்டிலிலும் எதுவும் வளரவில்லை. டாக்டர் அந்தத் தாளையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பிதான் கட்டிலில் இருந்து சொன்னான்: "ஆபீசர் தம்பி காலுன்னு தெரிஞ்சு கிருமியே பயந்துக்கிச்சாட்டம் இருக்குதுங்க." வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அன்று மதியம் அந்த லேப் பெண் வார்டுக்கு வந்தார். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஆபரேஷனுக்கு முன்னாடி இவருக்கு ஏதாச்சும் ஆன்டிபயாடிக் குடுத்தீங்களா? ஒண்ணு ரெண்டு நாள்னாலும் சொல்லுங்க சார், பரவால்ல."

நான் செய்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அவர் கேட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்று நினைக்கிறேன். ஆனால் அந்த நினைப்பு மேலே வருவதற்குள் கோபத்தை அதன் மேல் போட்டு மூடினேன். இவள் தன் தப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உங்க வேலையில நடந்த கோளாறுக்கு எங்களை விசாரிக்க வந்தீங்களாம்மா?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இல்லைங்க சார்" என்று போய்விட்டார்.

மாலைக்குள் மனு தயார். 'பொருள்: எலும்பு மாதிரியைக் கையாள்வதில் கவனக்குறைவு - நடவடிக்கை கோருதல் - தொடர்பாக.' நோட்டில் இருந்த நேரம், கையுறை, ஜன்னல் விளிம்பு எல்லாம் வரிசையாக வந்தன. பாட்டில்கள் மாறியிருக்கக்கூடும் என்று ஒரு வரி. மேற்படி பணியாளர் இப்பணிக்குரிய பின்புலம் இல்லாதவர் என்று ஒரு வரி. பின்புலம் என்று நான் எதை எழுதினேன் என்பது எனக்கும் தெரியும், படித்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். மனு எழுதுவதில் நான் தேர்ந்தவன். அவர் ஒப்பந்தப் பணியாளர். இரண்டே நாளில் அவரை லேபிலிருந்து எடுத்து, விசாரணை முடியும்வரை பழைய ரிக்கார்டுகள் அடுக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். வார்டு வழியாகப் போகும்போது அவர் எங்கள் கட்டில் பக்கம் பார்க்க மாட்டார். பார்க்காததையும் குற்றமுள்ள மனசு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

தம்பியின் காலோ தேறவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமல் ஏற்றிய இரண்டு மருந்தில் ஒன்று சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. முகம் வீங்கி, சிறுநீர் குறைந்தது. அந்த மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்திய நாலாம் நாள் தையல் போட்ட இடத்திலிருந்து சீழ் எட்டிப் பார்த்தது. மூன்றாவது வாரக் கடைசியில் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இது உடம்பெல்லாம் பரவினால் உயிருக்கே ஆபத்து, அப்படி ஒரு நிலை வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

தம்பி கேட்டான்: "கால எடுத்துட்டா வாய்க்கால்ல எப்படிங்க எறங்கறது?"

டாக்டர் கேஸ் தாளைப் புரட்டினார். தம்பியே பேச்சை மாற்றுவதற்காக, லேபில் அந்த எலும்பை என்னதான் செய்வீர்கள் என்று கேட்டான். டாக்டருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பொறுமையாக விளக்கினார். கிருமிக்கு வேண்டிய சத்தெல்லாம் போட்டுக் கூழ் மாதிரி ஒன்று தயார் செய்வார்கள், அதில் எலும்புத் துண்டை வைத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள், உள்ளே கிருமி இருந்தால் நாலைந்து நாளில் முளைத்து வெளியே தெரியும்.

"நாத்து விடற மாதிரிங்களா?"

"அப்படித்தான்."

"மொளைக்கலைன்னா வெதையே இல்லைன்னு அர்த்தமா?"

"இல்லாமலும் இருக்கலாம். இருந்தும் மொளைக்காம இருக்கலாம்."

"ஆமாங்க. களைக்கொல்லி அடிச்ச மண்ணுன்னா வெதை உள்ளயே கெடக்கும், மேல வராது. மருந்தோட வேகம் அடங்கினப்புறந்தான் மொளைக்கும்."

"அதுக்காகத்தாங்க ரெண்டு வாரம் மருந்த நிறுத்தச் சொன்னேன்" என்றார் டாக்டர்.

தம்பி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். டாக்டர் எழுந்து போய், அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேயும்வரை காத்திருந்தான்.

"அண்ணா. அது என்னா மாத்திரை?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"டாக்டர் எதிர்க்க கேட்டு உங்கள அவமானப்படுத்த வேணாம்னு இருந்தேன். நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க." கொஞ்சம் விட்டு, "சீக்கிரம் போங்க, கால் என்னுது" என்றான்.

வராந்தாவில் நாற்பது அடி தூரம் இருக்கும் டாக்டரின் அறை. அந்த நாற்பது அடிக்குள்ளும் வேறு வழி இருக்கிறதா என்றுதான் என் புத்தி தேடியது. கெமிஸ்ட் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். உள்ளே போனதும் அந்தக் காலி அட்டைகளை மேசை மேல் வைத்தேன். அவற்றை நான் எறியவில்லை. ஏன் எறியாமல் பையிலேயே வைத்திருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். எத்தனை நாள் என்று கேட்டார். கடைசி மாத்திரை எப்போது என்று கேட்டார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை என்றேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க மேல கோபப்பட எனக்கு இப்ப நேரம் இல்லைங்க. எல்லா மருந்தையும் நிறுத்தி, முதல்ல இருந்து வரணும்" என்றார். நான் வெளியே வரும்போது, "அந்த லேப் பொண்ணு மேல மனு குடுத்தது நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த முறை தம்பியை வார்டிலேயே வைத்துக் கவனித்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் பார்த்தார்கள். மாத்திரைப் பக்கம் நான் போகவில்லை. தம்பியின் மனைவி கறவை மாட்டை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து கூட இருந்தாள். இரண்டாவது ஆபரேஷனில் இன்னும் கொஞ்சம் எலும்பு போனது. மூன்றாம் நாளே லேபில் கிருமி முளைத்தது. நான் கொடுத்த மாத்திரை அதைக் கொல்லாது, கொஞ்ச நாள் அடக்கி மட்டும் வைக்கும் என்று சொன்னார்கள். அதற்கென்று உள்ள மருந்தை ஆறு வாரம் ஏற்றினார்கள். காலுக்கு வெளியே இரும்பு வளையங்கள் மாட்டி ஏழு மாதம் இருந்தான். கால் பிழைத்தது. ஓர் அங்குலம் குட்டை. இடது செருப்பில் தடியாக அடி வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறான். என்னிடம் முன்போலத்தான் பேசுகிறான். ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. போன மாதம் தலைவலி என்றான். மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனாலும் திருப்பிப் பார்த்தான்.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். மனுவை வாபஸ் வாங்குவது எனக்கு ஒரு வரி வேலை. ஆனால் வாபஸ் வாங்கிய மனு கோப்பில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'மனுதாரர் வலியுறுத்தவில்லை' என்று எழுதி மூடுவார்கள். படிப்பவர்கள், ஏதோ பேசி முடித்துக்கொண்டார்கள் என்று நினைப்பார்கள். அதனால் மாத்திரை கொடுத்தது, பொய் சொன்னது, அவர் கேட்டபோது மறைத்தது எல்லாவற்றையும் மூன்று பக்கம் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு மருத்துவமனைத் தலைமையிடம் கொடுத்தேன். விசாரணையில் நானே வாசித்தேன். கையுறையைப் பற்றியும் கேட்டேன். மூடி முத்திரையிட்ட பாட்டிலைத் தூக்கிப் போகக் கையுறை எதற்கு என்றார்கள். அவர் மேல் தவறில்லை என்று உத்தரவு வந்தது. ஆனால் உத்தரவு வருவதற்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

அரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இன்னொரு மனுவுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. மன்னிப்புக் கேட்டேன். உத்தரவின் நகலைக் கொடுத்தேன். வாங்கி இரண்டு முறை படித்தார்.

"எங்க ஊர்ல நான் பாட்டிலை மாத்திட்டேன்னுதான் பேச்சு சார். இந்தக் காயிதத்த எடுத்துக்கிட்டு வூடு வூடா போய்க் காட்ட முடியுமா?"

நானே சித்தேரிக்கு வந்து எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன்.

"வேணாங்க சார். தப்பு பண்ணிட்டு, பெரிய ஆபீசரக் கூட்டியாந்து சொல்ல வெக்கிறா பாருன்னுவாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னை மன்னித்ததாக எதுவும் இல்லை.

பிறகு, என்ன வளர்ந்தது என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தம்பி காலில் கடைசியாக என்ன கிருமி வந்தது என்று கேட்கிறார். நோட்டை எடுத்து, குறித்து வைத்திருந்த பெயரைக் காட்டினேன். பார்த்துத் தலையசைத்தார்.

"மொத தடவையே மைக்ராஸ்கோப்புல ஒண்ணு ரெண்டு தெரிஞ்ச மாதிரி இருந்துதுங்க. கிருமியா, சாயம் படிஞ்சதான்னு உறுதியா சொல்ல முடியல. நீங்க மாத்திரை குடுத்தேன்னு சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி மறுபடி பார்த்திருப்பேன். அதுக்குத்தான் வந்து கேட்டேன். அதுக்குள்ள என்னை ரிக்கார்டு ரூம்ல போட்டுட்டாங்க."

வாசலில் யாரோ ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். "வரேங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஊசியை எடுக்கப் போய்விட்டார். நான் வெளியே வந்தேன்.

பழைய வேலைக்குத் திரும்ப அழைத்தும் அவர் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் நான் செய்யக்கூடியது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டால், இவர் எதற்காகக் கேட்கிறார் என்று யோசிப்பதற்கு முன்னால், அதற்கு உண்மையான பதில் என்ன என்று யோசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். எழுபத்தொரு வயதில் அது எளிதாக வரவில்லை.